சரிபார்த்தவர்: வாளியம்மா

வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார் அமைச்சர். வீட்டுக்காரர் தேநீர்த் தட்டும் கையுமாகத் திகைத்து நிற்கிறார். கட்சிக்காரர்கள் கூடத்தில் காத்திருக்க, இவரோ சமையலறையில் முழங்கை வரை ஈரத்தோடு இருக்கிறார். “நாப்பத்தெட்டு செகண்டுல பத்து லிட்டர்! பரவாயில்லையே, உங்க தெருவுக்கு நல்லாவே வருது!” என்று முகம் மலர்கிறார். ஓட்டுக் கேட்க வந்தோம் என்பது அதற்கப்புறம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இந்தப் பழக்கத்தால் அவருக்கு வாளியம்மா என்று பெயர். எதிர்க்கட்சிக்காரர்கள் கேலிக்கு வைத்தது. அவர் அதைத் தம் சுவரொட்டியிலேயே கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார். கேலி செய்தவர்கள் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது.

குடிநீர் வாரியத்தில் இருபத்திரண்டு வருஷம் பொறியாளராக இருந்தவர். முதல் நாள் நீரேற்று நிலையத்துக்குப் போனபோது அங்கே பெண்களுக்குக் கழிவறையே இல்லை. யாரிடமும் போய் நிற்கவில்லை. தாமே படம் வரைந்து, மிச்சம் கிடந்த செங்கல்லைச் சேர்த்து, ஒரே மாதத்தில் கட்டி முடித்தார். மனு எழுதியது வேறொன்றுக்கு. பெரிய குழாயில் வெடிப்பு விட்டுப் பாதித் தண்ணீர் மண்ணுக்குப் போகிறது என்று ஏழு தடவை எழுதினார். ஏழு தடவையும் ‘அமைச்சரின் பரிசீலனையில் உள்ளது’ என்றே பதில் வந்தது. “அப்படி என்னத்ததான் பரிசீலிக்கிறாருன்னு நேர்லயே போய்ப் பாத்துடுவோம்” என்று வேலையை உதறிவிட்டுத் தேர்தலில் நின்றார். முதல் தடவை மண்ணைக் கவ்வினார். அடுத்த தடவை ஜெயித்து, அதே அமைச்சரின் நாற்காலியில் உட்கார்ந்ததும் தேடி எடுக்கச் சொன்னது அந்த ஏழு மனுக்களைத்தான். ஏழாவதன் ஓரத்தில், ‘பரிசீலித்தாயிற்று. குழாயை மாற்றவும்’ என்று எழுதினார்.

கணவர் கணக்கு வாத்தியார். “நம்ம வீட்டுக் குழாய் எட்டு மாசமா ஒழுகுது. அதுக்கு எங்க மனு குடுக்கணும்?” என்று கேட்பார். “உங்க மனு பரிசீலனையில இருக்கு” என்பார் இவர், செருப்பை மாட்டிக்கொண்டே. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

வரைபடத்தைப் பார்க்காமல் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போட மாட்டார். செயலாளருக்கு இதனால் தீராத தலைவலி. படங்களை விரித்தால் மேசையில் தொலைபேசி வைக்க இடமிருக்காது. செயலாளர் அதை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்.

போன மாதம் வந்தது வினை. மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் ஏற்றும் புது நிலையத்துக்குத் திறப்பு விழா. பிரதமர் விசையை அழுத்தினார். பம்பு உறுமியது. மேட்டில் ஊரே திரண்டு குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழாய் இரண்டு தடவை இருமியது, அவ்வளவுதான். பிரித்துப் பார்த்தால், தண்ணீரை ஒரே பக்கமாக விடும் வால்வைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். மறுநாள் திருப்பி மாட்டியதும் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் போன மானம் வரவில்லை. எதிர்க்கட்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தேர்தலுக்கு மூன்றே வாரம்.

வால்வை மாட்டிய ஃபிட்டரை வேலையைவிட்டு நீக்கும் உத்தரவு மேசைக்கு வந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“படம் எங்க?” என்றார் அமைச்சர்.

“இதுக்கு எதுக்கும்மா படம்? தலைகீழா மாட்டினதை ஊரே பாத்துச்சே” என்றார் செயலாளர்.

“படம் வரட்டும். அவரையும் வரச் சொல்லுங்க.”

படமும் வந்தது, அவரும் வந்தார். ஃபிட்டருக்கு ஐம்பத்து மூன்று வயது. முப்பது வருஷம் குழாயோடு மல்லுக்கட்டிய கை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அமைச்சர் படத்தை விரித்தார். மேலே பார்க்க வேண்டிய வால்வின் அம்பு கீழே பார்த்தது. ஃபிட்டர் படத்தில் இருந்தபடியேதான் மாட்டியிருக்கிறார். யார் இந்தப் படத்தைப் பார்த்துத் தொலைத்தது என்று மூலையில் இருந்த ‘சரிபார்த்தவர்’ கட்டத்துக்குக் குனிந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, வாரியத்தில் இருந்தபோது தாம் போட்ட கையெழுத்து அங்கே பளிச்சென்று இருந்தது.

செயலாளர் கதவைச் சாத்தினார். “பழைய படம்மா. யார் பாக்கப் போறாங்க? தேர்தல் முடியட்டும், இவரை வேற எங்கயாவது சேத்துக்கலாம்.”

அது நியாயமாகத்தான் பட்டது, ஒரு நிமிஷம். அவருக்கும் நாற்காலி வேண்டித்தான் இருந்தது. இன்னும் மாற்ற வேண்டிய குழாய்கள் எத்தனையோ கிடந்தன.

“அம்பு தப்பா இருக்குன்னு உங்களுக்குத் தெரியலையா?” என்று ஃபிட்டரைக் கேட்டார்.

“தெரிஞ்சுதும்மா. திருப்பி மாட்டிடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் கீழ கையெழுத்தைப் பாத்தேன். அம்மாவே பாத்திருக்காங்க, நமக்குத் தெரியாத காரணம் ஏதோ இருக்கும்னு முடுக்கிட்டேன்.”

செருப்பால் அடித்திருந்தால்கூட அமைச்சருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

“இதை அங்கயே சொல்லியிருக்கலாமே?”

“அத்தனை பேர் முன்னால உங்களைக் காட்டிக்குடுக்கவாம்மா?”

அமைச்சர் உத்தரவை நாலாகக் கிழித்தார். “நாளைக்குச் சபையில நானே சொல்றேன், தப்பு என்னோடதுன்னு.”

“ஓட்டுப் போயிடும்மா!” செயலாளர் கையைப் பிசைந்தார்.

“போனா போகுது. பாவம், மூணு நாளா ஒரே விஷயத்துக்குச் சிரிச்சுக்கிட்டிருக்காங்க. புதுசா ஒண்ணு குடுப்போம்.” சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்துவிட்டார். ஃபிட்டருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்துக் கீழ்நோக்கிய அம்பை அடித்து, மேல்நோக்கி ஒன்று வரைந்தார். மூலையில் இருந்த தம் கையெழுத்தையும் அடித்தார். படத்தை ஃபிட்டரின் பக்கம் திருப்பி, ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்து, பென்சிலை அவரிடம் நீட்டினார்.