களையென்று பிடுங்கிய பாத்தி

அன்று தோட்டத்தில் நின்றவர்கள்: நான். என் மனைவி. திருகோணமலை யோசேப்பு அண்ணை, எங்களில் அவருக்குத்தான் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். தோட்டத்துக்குப் பொறுப்பான பிரெஞ்சுக்கார அம்மா, அவரை மதாம் என்போம். பிந்தி வந்த பிள்ளைகள் பதினொரு பேர்.

தோட்டம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற பிரெஞ்சு பேசும் ஊரில் இருந்தது. ஊர்ச்சனம் சேர்ந்து நடத்தியது. விளைவதை விற்று அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்குவார்கள், பின்னேர வகுப்பு வைப்பார்கள். வெங்காயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன தொடுப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து எட்டு மாதம். வேலை செய்யப் பெர்மிட் இருந்தது, வேலை இல்லை. யாழ்ப்பாணத்தில் மிளகாய், வெங்காயம் பயிர்செய்த கமக்காரன். அதைச் சொல்லி யோசேப்பு அண்ணை கேட்டு வைத்தார். ஒரு நாள் வேலையைப் பார்த்து, பிடித்தால் பனி கொட்டும்வரை வைத்திருப்பதாக மதாம் சொல்லியிருந்தார்.

மதாம் நீளப் பாத்தி ஒன்றைக் காட்டி, களை பிடுங்கச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவரப் போனார். அண்ணை தக்காளிக்குத் தடி கட்டப் போனார்.

பாத்தியில் இரண்டு சாதிச் செடி. ஒன்று நல்ல முளைக்கீரை, முழங்கால் உயரம். மற்றது மும்மூன்று இலையாக நிலத்தோடு கிடந்தது. பூவில்லை, காயில்லை. அதை வேரோடு பிடுங்கிக் குவித்தோம். கீரைக்குத் தண்ணீர் விட்டோம்.

பிள்ளைகள் வந்து பாத்தியைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருத்தி அழுதாள். மதாம் குவியலைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார், ஏதோ கேட்டார்.

“என்ன கேக்கிறா, அண்ணை?”

“களையை ஏன் விட்டனீ எண்டு கேக்கிறா.”

“எது களை? அது கீரையெல்லோ.”

“அதுதான் களையாம். நீ புடுங்கினது ஸ்ட்ரோபெரி. பிள்ளையள் நட்டது. முதல் வருசம் பூவைக் கிள்ளி விடுறவையாம். வாற வருசப் பழத்தை வித்துத்தான் இவையளுக்குப் புத்தகம்.” அண்ணை தலையைச் சொறிந்தார். “நல்ல கமக்காரனைத்தான் கூட்டிக்கொண்டு வந்தன், ஐசே.”

“உந்தக் கீரையைச் சமைச்சுச் சாப்பிடலாம் எண்டு சொல்லுங்கோ அண்ணை,” என்றாள் மனைவி.

அண்ணை சொன்னார். மதாம் இன்னும் குழம்பினார்.

வேலை போய்விட்டது என்று தெரிந்தது. குவியலைக் கிளறிப் பார்த்தேன்.

“வேர் இன்னும் காயேல்லை. இப்பவே நட்டால் பிழைக்கும். கேட்டுப் பாருங்கோ.”

மதாம் தலையாட்டினார். கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றினோம். இலைகளில் பாதியைக் கிள்ளினேன். பிள்ளைகள் குழி தோண்டினார்கள், நான் நட்டேன், மனைவி தண்ணீர் ஊற்றினாள். அழுதவள் என் பக்கத்தில் குந்தியிருந்து பிரெஞ்சில் விடாமல் கதைத்தாள். ஏச்சோ பேச்சோ தெரியாது. “ஓம், ஓம்” என்றேன்.

“இரண்டு கிழமையாலை வரட்டாம்,” என்றார் அண்ணை. “பாதிக்கு மேலை தளிர்த்திருந்தால் வேலையாம். இல்லாட்டி இல்லையாம்.”

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தெரிந்த வேலை என்றாலும், கை வைக்குமுன் ஒருக்கால் கேளுங்கள்.

இரண்டு கிழமை முடிந்து, பதினாலாம் நாள் போனோம். மதாமும் நானும் பாத்தியின் இரு பக்கமும் நடந்து எண்ணினோம். அவர் பிரெஞ்சில், நான் தமிழில். முதல் தரம் கணக்கு ஒத்துவரவில்லை. திரும்ப எண்ணினோம்.

நட்டது நூற்றுப் பத்து. தளிர்த்தது எழுபத்தொன்று.