செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே மாடசாமி

நான் வளைகுடா நாட்டில் ருவைஸ் என்ற ஊரில் எண்ணெய் ஆலை டெக்னீஷியனாக இருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்புப் படித்த என் மகள் பொன்மணி அமெரிக்காவில் நடந்த மாணவர் அறிவியல் போட்டிக்குப் போயிருந்தாள். ஒரு சாயங்காலம் டூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், போன் அடிக்கிறது.

“அப்பா, எனக்குப் பரிசு கிடைச்சிருச்சு! அதோட, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துற ஒரு சிறுகோளுக்கு நம்ம பேரை வைக்கப் போறாங்க!”

“பொன்மணின்னா வைக்கப் போறாங்க?”

“இல்லப்பா. மாடசாமின்னு!”

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கான் பாய் “க்யா ஹுவா?” என்று, என்ன ஆச்சோ என ஓடி வந்துவிட்டார்.

பாஸ்போர்ட்டில் பொன்மணியின் குடும்பப் பெயர் என்று என் பெயர்தான் இருக்கும். அதைப் பார்த்துத் தப்பாக வைத்துவிட்டார்கள் என்று பதறினேன்.

“ஏட்டி, ஒடனே மாத்தச் சொல்லு! கஷ்டப்பட்டுப் படிச்சது நீ. என் பேரு எதுக்கு?”

“எந்தப் பேருன்னு கேட்டாங்கப்பா, நான்தான் சொன்னேன். சிறுகோளைக் கண்டுபிடிச்சவங்க அதுக்குத் தங்க பேரையே வச்சுக்கக் கூடாதாம். அடுத்தவங்களுக்குத்தான் குடுக்கணுமாம். எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதான் நானும் உங்களுக்குக் குடுத்துட்டேன்.”

மனைவி போனைப் பிடுங்கி அழுகையும் சிரிப்புமாகப் பேசினாள். கான் பாயிடம் கையை மேலே காட்டி, “மேரா நாம், உப்பர்!” என்றேன், என் பெயர் மேலே என்று. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவர் பயந்தே போனார். விளக்கிச் சொன்னதும் என்னைத் தூக்கிச் சுற்றினார்.

எங்கள் ஊர் எல்லைச்சாமியின் பெயரை எனக்கு வைத்தவர் அப்பா. பெயர் வைப்பது பெற்றவர்களின் வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று அதே பெயரை என் மகள் எனக்கு வைத்தாள்.