கோண மீசை

என் படம் அச்சான ஒரே கபடிப் போட்டி போஸ்டரில் கரையான் ஏறிவிட்டது. நகலெடுக்கப் போனால், இவ்வளவு பெரிசை வெட்டினால்தான் ஸ்கேன் ஆகும் என்றார்கள் சேலத்துக் கடைக்காரர்கள். திட்டிவிட்டு வந்தேன்.

புதுச்சத்திரத்தில் ஒருவர், தோளில் துண்டோடு, வீட்டுத் தரையில் போஸ்டரை விரித்தார். மூடியைக் கழற்றிவிட்டு ஸ்கேனரைப் போஸ்டர்மேல் கவிழ்த்து, இஸ்திரி போடுவதுபோல் நகர்த்தி நகர்த்தி வைத்தார். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். கம்ப்யூட்டரில் சேர்த்து, பதினாறு தாள்களில் அச்சடித்து ஒட்டினார்.

இரண்டு தாள் சேருமிடத்தில் என் மீசை கோணலாக இருந்தது.

"ஒட்டத் தெரியலைன்னா எதுக்கய்யா இந்த வேலையை ஏத்துக்கிட்டே?" என்று கத்தினேன்.

அவர் பழையதைப் பக்கத்தில் வைத்தார். "ஏனுங்க, அப்பவே கோணல்தானுங்க. நேராக்கித் தரட்டுங்களா?"

"வேண்டாம்" என்றேன்.

இத்தனை வருஷம் தினமும் பார்த்த என் மூஞ்சியை, அந்த ஆள் ஒரே மத்தியானத்தில் சரியாகப் பார்த்துவிட்டார்.