கூடையில் ஊர் பார்த்த குட்டி

நாய்க்குட்டிக்கு ஊசி போடுவது சுலபம்; அதைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு யோசனை சொல்வதுதான் கஷ்டம். திண்டிவனத்தில் கால்நடை மருத்துவராக இருக்கும் எனக்கு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இது புரிந்தது. புதிதாகக் குட்டி வளர்க்கிறவர்களுக்கெல்லாம் நான் ஒரு கதை சொல்வேன். பல வருடமாகச் சொல்கிறேன். பல வருடமாக அதை நான் நம்பவும் இல்லை. நம்பாததை ஊருக்குச் சொல்லலாமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். மறுநாள் அடுத்தவருக்குச் சொல்வேன். குட்டி வளர்த்துத் தூக்கமும் செருப்பும் இழந்த என் இனத்தாரே, நீங்களே கேட்டு முடிவு சொல்லுங்கள்.

விழுப்புரத்து லேப்ரடார்

சங்கடம் இதுதான். பார்வோ என்று ஒரு வைரஸ் இருக்கிறது. வாந்தி, ரத்தபேதி என்று சில நாளில் குட்டியைச் சாய்த்துவிடும். தெரு மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே எல்லா ஊசியும் முடிகிறவரை குட்டியை வெளியே விடாதீர்கள் என்று சொல்லவேண்டும். ஆனால் குட்டி நாலு மனிதரையும் நாலு சத்தத்தையும் பழகிப் பயம் தெளிகிற வயதும் அதே வயதுதான். ஆகவே ஊரைக் காட்டுங்கள் என்றும் அதே வாயால் சொல்லவேண்டும்.

முன்பு விழுப்புரத்தில் இருந்தபோது ஒரு வீட்டுக்காரர் நான் சொன்னதில் முதல் பாதியை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். லேப்ரடார் குட்டி படுக்கையறையிலேயே வளர்ந்தது. நோய் எட்டிப் பார்க்கவில்லை. கன்றுக்குட்டி அளவு ஆனபின் வெளியே வந்து, குடையைப் பார்த்துக் கட்டிலுக்கடியில் ஒளிந்தது. குக்கர் விசிலுக்கு நடுங்கியது. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரின் முழங்காலைக் கவ்வியது. வீட்டுக்காரர் போனில் கேட்டார்: "சீக்குலேர்ந்து நாயைக் காப்பாத்திட்டீங்க சார். இப்ப நாயிலேர்ந்து எங்களை யாரு காப்பாத்தறது?"

கூடைக் கதை

திண்டிவனத்துக்கு வந்த புதிதில் தணிகாசலம் அறிமுகமானார். மல்லாட்டை வியாபாரி; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. மண்டியில் பேசினால் குரல் பஸ் ஸ்டாண்டில் கேட்கும். அவருடைய வளர்ந்த நாய் ஜிம்மிக்கு உள்ளங்காலில் முள். நான் பிடுங்கப் பிடுங்க அது என் காதை நக்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நல்ல குணம் எப்படி வந்தது என்று கேட்டேன். அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். குட்டியாக இருந்தபோது ஊசி முடிகிறவரை தரையிலேயே விடவில்லையாம். மொபெட்டின் முன்னால் கூடையைக் கட்டி, அதில் உட்காரவைத்து, மண்டி, பஸ் ஸ்டாண்டு, கோயில் என்று ஊரெல்லாம் காட்டினாராம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்தமுறை சொன்னபோது மேல்சித்தாமூர் தேர் சேர்ந்திருந்தது. அதற்கடுத்த முறை பொம்மையார்பாளையம் கடலே வந்துவிட்டது. ஒரு மூட்டையைக்கூட ஆள் வைத்துத் தூக்குகிற மனிதர், சீசன் நேரத்தில், ஒரு நாட்டு நாய்க்குட்டியை ஏன் இப்படிச் சுமக்கவேண்டும்? ஆனால் என் நோய் எதிர்ப்புச் சக்திப் பிரசங்கத்துக்குக் கொட்டாவி விட்டவர்கள் இந்தக் கதைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கேட்டு முடித்ததும் எல்லோரும், விதிவிலக்கே இல்லாமல், "அப்ப ஒண்ணுக்கு எங்க சார் போச்சு?" என்றார்கள். எனக்கும் தெரியாது. தணிகாசலத்திடம் போய் நின்றால் அவர் சொன்னதெல்லாம் இதுதான்: "ஒரு கால் தரையில பட்டிருந்தா என் பேரை மாத்திக்கிறேன் டாக்டரே. சாமி பல்லக்குல போறாப்பல போச்சு!"

எந்தத் தரை?

ஒரு பெரியவர் குட்டியைச் சட்டைக்குள் வைத்துப் பத்திரமாக வந்தார். வந்ததும் என் ஆஸ்பத்திரித் தரையில் இறக்கிவிட்டார். "தூக்குங்க, தூக்குங்க! நோயாளிக் குட்டிங்க வர்ற இடம்" என்று கத்திவிட்டேன். பதறிப்போய் குட்டியோடு தானும் பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டார். ஊசி போட்ட பிறகும் இறங்கவில்லை. மேலிருந்தபடியே கேட்டார்: "உங்க ஆஸ்பத்திரியிலயே வுடக்கூடாதுன்னா, நாட்டுல வேற எந்தத் தரை சார் சுத்தம்?"

கலைவாணி கேட்ட சைஸ்

கலைவாணி பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறார். அவருடைய முதல் குட்டியை என்னிடம் கொண்டுவந்தபோது நேரம் கடந்துவிட்டது. பார்வோ. குட்டியைச் சுற்றிக்கொண்டு வந்த துண்டை மட்டும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பல மாதம் கழித்து, வீடு கடை எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டு, இன்னொரு குட்டியோடு வந்தார். கறுப்பு. நெஞ்சில் வட்டமாக ஒரு வெள்ளை. பெயர் பட்டன். வாங்கிய நாளிலிருந்து கடையின் உள்ளறையிலேயே வைத்திருந்திருக்கிறார். கத்திரிக்கோல் சத்தத்துக்குக்கூட அது மூலையில் போய் ஒட்டிக்கொள்கிறதாம். என் மேஜையில் நடுங்கியபடி நின்றது. "வெளிய வுட்டா செத்துடும். உள்ள வெச்சா இப்படி ஆவுது. ரெண்டுல எதை சார் நான் பண்றது?" என்றார்.

கூடைக் கதையைச் சொன்னேன். மற்றவர்கள் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். இவர் செய்துவிடுவார் என்று தோன்றியது. வழக்கமான கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே, "அந்தக் கூடை எந்த சைஸ் சார்?" என்றார்.

கண்டக்டரின் கை

அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போதெல்லாம் கலைவாணியைக் கூடையோடு பார்த்தேன். உள்ளே வெட்டுத்துணி மெத்தை. ஒரு நாள் பேண்டு வாத்தியம், ஒரு நாள் இளநீர் வெட்டுகிற இடம். தெருநாய் பத்தடி தள்ளி வந்தாலே இவர் தெருவைக் கடந்துவிடுவார். தெரிந்த மனிதர்கள் கையில் பிஸ்கட் கொடுத்து ஊட்டச் சொல்வார். அதற்கு முன் செருப்பைக் கழற்றவேண்டும், கை கழுவவேண்டும். புதுச்சேரி பஸ் கண்டக்டர் ஒருவர் ஆசையாகக் கை நீட்டினார். "கையைக் கழுவிக்கினு வாங்கண்ணே" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார் கலைவாணி. கண்டக்டர் கழுவிக்கொண்டே புலம்பினார்: "என் பேத்தியைத் தூக்கறதுக்கே என்னை யாரும் இந்தப் பாடு படுத்தலம்மா!"

மஞ்சள் துணி

இதெல்லாம் பார்க்க எனக்கு மகிழ்ச்சி. ஆனால் கலைவாணி பெயர் போனில் ஒளிர்ந்தால், எடுப்பதற்கு முன்பே மருந்துப் பையைத் தேடுவேன். நம்பாத கதையைச் சொல்லி அனுப்பியவன் நான். இரண்டாவது ஊசி போட்டுச் சில நாளில், மத்தியானம் அழைத்தார். "சார், வாந்தி எடுக்குது." நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவர் கடைக்கு ஓடினேன்.

கலைவாணி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் பட்டன். காய்ச்சல் இல்லை. பேதி இல்லை. பார்வோ சோதனை செய்து பார்த்தேன். இல்லை என்று வந்தது. வயிற்றை அழுத்தினேன், குட்டி ஓங்கரித்தது, மஞ்சள் துணி ஒன்று சுருளாக வந்து விழுந்தது. வந்ததும் பட்டன் வாலை ஆட்டிக்கொண்டு அதையே மறுபடி தின்னப் போனது. கலைவாணி துணியைப் பிடுங்கி விரித்துப் பார்த்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "கஸ்டமர் ஜாக்கெட்டோட கை சார் இது. போவட்டும், அந்தம்மாவுக்கு வேற தெச்சிக் குடுத்துக்கறேன். எனக்கு இது ஒண்ணுதான இருக்குது."

பட்டன் இறங்கியது

கடைசி ஊசியும் முடிந்து, அது வேலை செய்ய நான் சொன்ன அவகாசமும் கடந்து, ஒரு காலை கலைவாணி கூடையைக் கடை வாசல் தரையில் வைத்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். மஞ்சள் ஜாக்கெட் அம்மா வந்திருந்தார். டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பட்டன் ஒரு காலை வெளியே வைத்தது. சூடு பட்டதுபோல எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. பிறகு எங்கள் எல்லோரையும் விட்டுவிட்டு, எதிரே நின்ற பஸ்ஸை நோக்கி ஓடிப்போய், கீழே இறங்கி நின்ற கண்டக்டரின் காலடியில் மல்லாந்து படுத்துக்கொண்டது. ஹாரன் அடித்தது, பட்டன் காதைக்கூட ஆட்டவில்லை. கண்டக்டர் கலைவாணியைப் பார்த்துப் பயந்த குரலில் கேட்டார்: "இன்னிக்கிச் செருப்போட வந்துட்டேம்மா, பரவால்லியா?"

சிரிப்பு அடங்கியதும் கலைவாணியிடம் கேட்டேன், ஊரே கேட்கிற கேள்வியை நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று. "ஒண்ணுக்குப் போறதா? தட்டுல பேப்பர் போட்டாப் போச்சு. கூடை சின்னதா இருந்தா எகிறிக் குதிச்சிடுமேன்னுதான் எனக்குப் பேஜாரு. ஒண்ணைப் பறிகுடுத்தவளுக்கு மத்ததெல்லாம் ஒரு கேள்வியா சார்?"

மண்டியில்

அன்றைக்கே மண்டிக்குப் போனேன். தணிகாசலம் மூட்டைமேல் உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். தராசுக்குப் பக்கத்தில் ஜிம்மி, முகமெல்லாம் நரைத்து, ஒரு பழைய பிரம்புக் கூடையில் பாதி உடம்பு வெளியே தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தது. கூடையின் கைப்பிடியில் மொபெட்டில் கட்டிய கயிறு இன்னும் இருந்தது. "வாங்க டாக்டரே, இவன் கூடையில போன கதை சொல்லியிருக்கேனா?" என்று ஆரம்பித்தார். இந்தமுறை ஒரு கல்யாண வீடும் சேர்ந்தது.

ஒண்ணுக்கு எங்கே போச்சு என்ற அந்தப் பழைய கேள்வியைத்தான் நானும் கேட்க வந்திருந்தேன். இந்தத் தொழிலில் அடுத்தவர் பதிலைச் சந்தேகப்பட்ட அளவுக்கு என் கேள்வியை நான் சந்தேகப்பட்டதே இல்லை என்பது அவர் பேசப் பேச உறைத்தது. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டேன்:

"தணிகாசலம், ஜிம்மிக்கு முன்னாடி ஒரு குட்டி இருந்துச்சா?"