நிறுத்தினால் எடுக்காத கார்

அத்தையை அவள் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டிய காலையில் எங்கள் கார் கிளம்பவில்லை. அத்தை, அப்பாவின் தங்கை. ஆடிக்கு வந்தவள் ஐப்பசி பிறந்தும் திரும்பிப் போகவில்லை. முழங்கைக்கு மேலே ஒரு சூட்டுத் தழும்பு; தோசைக்கல் பட்டுவிட்டது என்று என்னிடம் சொல்லியிருந்தாள். வல்லத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தாலும், அப்பா வாடகைக்கு ஓட்டிய அந்தப் பழைய கார்தான் சோறு போட்டது. வீட்டில் முடிவு சொல்வது மட்டும் பெரியப்பா. "வாழாவெட்டியா எத்தினி நாளு இங்கியே வச்சிக்கினு கீறது?" என்று அவர் கேட்டதோடு பேச்சு முடிந்துவிட்டது.

பின் சீட்டில் அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் நான், கார் சவாரி கிடைத்த குஷியில். அப்பா ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினார். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"பேட்டரி பூட்ச்சா?" என்றார் பெரியப்பா.

அப்பா முன்விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி அழுத்தினார். விளக்கு மங்கவே இல்லை. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. கரண்ட் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் போகவில்லை. ஆனாலும் அவர் பேட்டரி முனைகளைச் சுரண்டினார், ஒயர்களை ஒவ்வொன்றாக இறுக்கினார். எல்லாமே மெதுவாக. தெருவெல்லாம் மழைச்சேறு, தள்ளிப் பார்க்க வழியில்லை. கையால் சுற்றும் ஹேண்டில் எப்போதோ உடைந்துபோயிருந்தது.

கடைசியில் மோட்டாரைக் கழற்றிச் சாக்கின்மேல் வைத்துப் பிரித்தார். உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் துண்டுகள் தேய்ந்து, சுழலும் செம்பில் படாமல் நின்றன.

"புது கார்பன் வேணும். தாம்பரம் போய் வாங்கியாந்து போடறதுக்குள்ள ரெண்டு நாளாவும்," என்றார் அப்பா.

அத்தை காரிலிருந்து இறங்கிவிட்டாள். அம்மா அவள் பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அத்தை என்னை இழுத்து உட்காரவைத்துத் தலை பின்னத் தொடங்கினாள். சவாரி போச்சே என்று எனக்கு அழுகை வந்தது.

பெரியப்பா விடவில்லை. "இன்னிக்கு ஒரு நாளு ஓடறா மாரி ஒண்ணும் பண்ண முடியாதா? நெஜத்த சொல்லு."

அண்ணனிடம் பொய் சொல்லி அப்பாவுக்குப் பழக்கமில்லை. "முடியும்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

செம்பை உப்புத்தாளால் தேய்த்தார். தகரத்தை வெட்டி மடித்து, கார்பனுக்கும் அதை அழுத்தும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் செருகினார். மோட்டாரை மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் உறுமிக் கிளம்பியது. நான் கைதட்டினேன். அம்மா பையைத் திரும்பக் கொண்டுவந்து சீட்டில் வைத்தாள். அத்தையும் பெரியப்பாவும் ஏறிக்கொண்டார்கள்.

படப்பையைத் தாண்டி அத்தை புருஷனின் ஊர். வீட்டு வாசலில் அவள் மாமியார் நின்றிருந்தாள். பெரியப்பா முதலில் இறங்கி உள்ளே போனார். அத்தை அப்பாவின் ஜன்னலோரம் வந்து குனிந்தாள்.

"உள்ள வந்து ஒரு வார்த்த கேட்டுட்டுப் போண்ணா. நீ கேட்டா கொஞ்சம் பயப்படுவாங்க."

"வண்டிய நிறுத்துனா மறுபடி எடுக்காதும்மா," என்றார் அப்பா. அவர் கால் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தது.

அத்தை தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். தை பிறப்பதற்குள் சாவுச்செய்தி வந்தது. கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை.

அத்தையை விட்ட அன்று பெரியப்பா பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட, நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம். ஏரிக்கரையில் அப்பா காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"ஏம்ப்பா நிறுத்திட்ட? இனிமே எப்டி வூட்டுக்குப் போறது?"

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். ஒரே அழுத்தில் கிளம்பியது. நிறுத்திவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடியும் கிளம்பியது.

"சூப்பரா ரிப்பேர் பண்ணிட்டப்பா!" என்று நான் துள்ளினேன்.

அப்பா ஸ்டீயரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். காலையிலிருந்து வேலை செய்த அலுப்பு என்று நினைத்து, அவர் நிமிரும்வரை சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.