பல் போன சோளம்

நிஜமா போலியா என்று பார்க்காமல் நான் எதையும் தொட மாட்டேன். பட்டு நெய்கிற வீட்டில் பிறந்து பட்டு நெய்கிற வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவளுக்குப் புத்தி வேறெப்படி இருக்கும்? காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்களின் தலையில் பட்டு என்று சொல்லி எதையாவது கட்டிவிட ஆள் காத்திருக்கிறது. அதனால் கல்யாண வீட்டுக்குப் போனால் மணப்பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் புடவையின் ஓரத்துக்குப் போய்விடும். கைத்தறியில் நெய்தது என்றால் ஓரத்தில் சின்னச் சின்ன ஊசித் துளைகள் இருக்கும். எங்கேயாவது ஓர் இழை கொஞ்சம் தடித்திருக்கும். அச்சடித்த மாதிரி ஒரே சீராக இருந்தால் அது விசைத்தறி.

"பொண்ணு நிஜமான்னும் ஒரு தடவ கிள்ளிப் பாத்துக்கினு வாயேன்" என்பார் என் வீட்டுக்காரர்.

அவர் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. தறி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்யும் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால், காலையிலிருந்து சாயங்காலம் வரை அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அவர் பேசுவதையெல்லாம் கேட்டால் நெசவு நடக்காது.

எதிர்வீட்டில் ஓர் அக்கா இருக்கிறாள். உறவு ஒன்றுமில்லை, தெருப் பழக்கம்தான். பக்கத்துக் கூரம் கிராமத்தில் நிலமும் மாடுமாக வளர்ந்து, கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த பிறகுதான் தறியைத் தொட்டாள். நான் மருமகளாக வந்து இறங்கிய அன்று எனக்கு முதலில் தண்ணீர் கொடுத்தவள் அவள். போன வருஷம் அவள் வீட்டுக்காரர் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா வாசற்படி தாண்டவில்லை. கோயிலுக்கு வரவில்லை, கடைக்கு வரவில்லை. கோலம் போடக்கூட யாரையோ வைத்துக்கொண்டாள்.

அவள் மகன் செவிலிமேட்டில் புது வீடு கட்டியிருக்கிறான். நல்ல பையன், குறை சொல்ல முடியாது. ஒருநாள் என் வீட்டுக்கே வந்து சொன்னான்.

"சித்தி, அம்மா இப்படியே உள்ளயே உக்காந்துக்கினு இருந்தா சரிப்படாது. பங்குனி முடிஞ்சதும் வீட்டப் பூட்டிட்டு எங்ககூட கூட்டிக்கினு போறேன். இங்க ஒண்டியா விட எனக்கு மனசு வரல."

அவன் சொன்னது நியாயம்தான். செவிலிமேடு ஒன்றும் சீமையில் இல்லை, டவுன் பஸ் போகிற இடம்தான். என்றாலும் கதவைத் திறந்தால் எதிரே அக்கா இல்லாத தெருவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அக்காவிடம் கேட்டேன். "எங்க இருந்தா இன்னாடி, எனக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றாள். அந்தப் பேச்சுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

அன்று சாயங்காலமே அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் போனேன். உள்ளே போக அவளுக்கு மனமில்லை. வெளியே தள்ளுவண்டியில் மக்காச்சோளம் வெந்துகொண்டிருந்தது. ஆளுக்கு ஒன்று வாங்கி, உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சம்பழமும் தேய்த்து, மதிலோரமாக நின்று தின்றோம். அக்கா முழுக் கதிரையும் தின்று முடித்தாள். மறுநாள் சாயங்காலம் நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே தலையை வாரிக்கொண்டு வாசலில் நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

இப்படி எல்லாம் கூடிவந்த நேரத்தில் என் மகள் போன் செய்தாள். அவள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். குழந்தைக்கு எந்தத் தின்பண்டம் வாங்கினாலும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, பொடி எழுத்தையெல்லாம் படித்துவிட்டுத்தான் வாங்குவாள். அந்த விஷயத்தில் என்னையே கொண்டிருக்கிறாள். பேச்சுவாக்கில் நான் சோளம் தின்ற கதையைச் சொன்னேன்.

"வெளிநாட்டுல சோளத்த மரபணு மாத்திப் பண்றாங்கம்மா. விதைக்குள்ளயே வேற ஒண்ண சேர்த்துடறாங்க. சாப்பிட்டா கெடுதல்னு யாரும் நிரூபிக்கல. எனக்கு வேணாம்னு தோணுது, அவ்ளோதான். அதான் பாக்கெட்ல பாத்து வாங்கறேன்."

இன்னும் என்னென்னவோ சொன்னாள். பக்கத்தில் வீட்டுக்காரர் தறியை அடித்துக்கொண்டிருந்தார். பாதிதான் என் காதில் விழுந்தது. அந்தப் பாதியே எனக்குப் போதுமாக இருந்தது. விதைக்குள்ளேயே வேறொன்றைச் சேர்ப்பதா? சரிகையில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைச் சேர்க்கிற வேலையைச் சோளத்திலுமா செய்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் சமையலறையைச் சுத்தம் செய்தேன். கார்ன்ஃப்ளார் பாக்கெட் போயிற்று. யாரோ கொடுத்துவிட்டுப் போன கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா போயிற்று. பிறகு தறிப் பக்கம் வந்து, வீட்டுக்காரர் நூல் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஆரஞ்சு நிறச் சோளப் பொரியைக் கண்டுபிடித்தேன். தறியில் இருக்கும்போது விரலில் எண்ணெயோ மசாலாவோ பட்டால் பட்டு கெட்டுவிடும். அதனால் மனிதர் பாக்கெட்டின் வாயைத் தன் வாயில் கவிழ்த்து, கைபடாமல் தின்று பழகியிருந்தார். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை.

"அது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார்.

"எங்கிருந்து வந்த சோளம்னு எழுதலையே. எழுதாத சாமான் என் வீட்டுக்கு வேணாம்."

"உன்னயும் எங்கிருந்து வந்தேன்னு எழுதியா கொடுத்தாங்க?"

அவருக்குப் பொரிகடலையும் வறுத்த வேர்க்கடலையும் டப்பாவில் போட்டு வைத்தேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு அதையும் பாக்கெட் மாதிரியே டப்பாவோடு வாயில் கவிழ்க்க ஆரம்பித்தார்.

வீட்டுக்குள் சுலபமாக முடிந்துவிட்டது. வெளியில்தான் சிக்கல். சோளமே வேண்டாம் என்றால் அக்கா மறுபடியும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள். பங்குனியும் நெருங்கிக்கொண்டிருந்தது. வேர்க்கடலை வாங்கித் தரலாம் என்றால் அவளுக்குக் கடைவாய்ப் பல் சரியில்லை. சோளத்தையும் விட முடியாது, போலியையும் தொட முடியாது. அப்படியானால் நிஜச் சோளத்தைக் கண்டுபிடிப்பது ஒன்றுதான் வழி. அது என்னால் முடியாத காரியமா?

மறுநாள் வண்டிக்காரரிடம் தோலை உரித்துக் காட்டச் சொன்னேன். மணிகள் கோடு போட்ட மாதிரி, ஒன்று கூட விலகாமல் நின்றன. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இவ்வளவு சீராக இயற்கையில் எது விளையும்? "இது விசைத்தறிதான்க்கா, வேணாம்" என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "சரிடி, நீ சொன்னா சரிதான்" என்றாள்.

அடுத்த வண்டிக்குப் போனோம். அங்கேயும் சீர். அதற்கடுத்த வண்டியில், அடியில் கிடந்த ஒரு கதிரில் வரிசை கோணிக்கொண்டு, நடுநடுவே மணி இல்லாமல், பல் போன வாய் மாதிரி இருந்தது. அதை எடுத்தேன். கைத்தறி. சந்தேகமே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் சாயங்காலம் நீண்டுபோயிற்று. ஒரு வண்டியில் கிடைக்காவிட்டால் இன்னொன்று. ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்து காமாட்சியம்மன் கோயில் வரை, சில நாள் பஸ் ஸ்டாண்ட் வரை கூடப் போவோம். போகிற வழியில் அக்கா பூ வாங்கித் தலையில் வைத்துக்கொள்வாள், வீட்டுக்காரர் போன பிறகு விட்டிருந்த பழக்கம். வளையல் கடைக்காரப் பெண்ணிடம் அவள் மாமியாரைப் பற்றி விசாரிப்பாள். பட்டுக்கடை வாசலில் ஆள் பிடிக்கிறவன் எங்களையே கூப்பிட்டபோது, "நாங்க நெய்யறவங்கபா" என்று சொல்லிச் சிரித்தாள். போன வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். அன்று வீட்டுக்கு வந்ததும் சாமி விளக்கில் கூடுதலாக எண்ணெய் ஊற்றினேன்.

வண்டிக்காரர்களுக்கும் எங்களைப் பிடித்துப் போயிற்று. யாரும் வாங்காத கதிரையெல்லாம் நாங்கள் கேட்டு வாங்கினால் யாருக்குத்தான் பிடிக்காது? "உங்களுக்குன்னே தனியா எடுத்து வெச்சிருக்கேம்மா" என்று ஒருவர் அடியிலிருந்து எடுத்து நீட்டினார். அப்படி நீட்டுகிற நாளில் மட்டும் அக்கா, "இன்னொரு வண்டியும் பாத்துரலாமே" என்பாள். என்னைவிடக் கறாராக இருக்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

சூப்பர் மார்க்கெட்டுக்கும் போனோம். என் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, பாக்கெட்டுகளின் முதுகைப் படித்தோம். எனக்கு ஆங்கில எழுத்து கூட்டிப் படிக்க வரும், அக்காவுக்கு வராது. ஆனாலும் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "வேணாம், வெச்சிடு" என்று தீர்ப்புச் சொல்வாள். சோளம் என்று எழுதிய எதையும் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. தெருவில் நான்கு வீட்டுக்குக் கைத்தறிச் சோளம் எது என்று பாடம் வேறு நடத்தினேன்.

பங்குனித் திருவிழாவுக்கு மகள் வந்தாள். சாயங்காலம் எங்களோடு நடக்க வந்தவள், நான் வண்டியில் கதிர்களைப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏம்மா நல்லதெல்லாம் விட்டுட்டு பல்லு போனதா பொறுக்கறே?"

விளக்கினேன். சீராக இருந்தால் மரபணு மாற்றியது, கோணலாக இருந்தால் நிஜம். விசைத்தறியும் கைத்தறியும் போல. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியாமல் அங்கேயே குனிந்து சிரித்தாள். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"கண்ணால பாத்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாதும்மா. அதுவும் எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், நம்ம நாட்டுல பருத்திக்கு மட்டும்தான் அந்த மாதிரி விதைக்கு அனுமதி. சோளத்துக்கு இல்ல. வெளிநாட்டுலருந்து வர்ற பாக்கெட் சாமானத்தான் நான் பாத்து வாங்கச் சொன்னேன். வண்டில விக்கறது நம்மூர் வயல்ல விளைஞ்சது. அன்னிக்கே சொன்னேனே, நீ கேக்கலையா?"

எனக்கு முகம் கொதித்தது. "அப்ப இது ஏன் இப்படி இருக்குது?" என்று கையிலிருந்த கதிரை ஆட்டினேன். மகளுக்கு அது தெரியவில்லை.

"மணி புடிக்கல, அவ்ளோதான்" என்றாள் அக்கா. சோளத்தைத் தின்றுகொண்டே சொன்னாள். "பூக்கற நேரத்துல காத்து சரியா அடிக்கலன்னா இப்படித்தான் சந்து சந்தா வரும். கூரத்துல எங்கப்பா சோளம் போடுவாரு, இந்த மாதிரி கதிர மாட்டுக்குப் போட்டுருவோம்."

எத்தனை வாரமாக அதையே கேட்டு வாங்கித் தின்றுகொண்டிருக்கிறோம்! "உனக்கு மொதல்லயே தெரியுமாக்கா?" என்றேன்.

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா மொத வண்டியிலயே வாங்கித் தின்னுட்டு வீட்டுக்கு வந்துருப்போம். அந்த வீட்டுல போய் நான் இன்னாடி பண்றது, அவ்ளோ சீக்கிரமா?"

மகள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். நான் அக்காவை வெளியே இழுத்து வருவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ என் முட்டாள்தனத்தைக் கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டு அவளாகவே நடந்து வந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாகவும் இருந்தது.

வீடு திரும்பியபோது அக்கா வீட்டு வாசலில் அவள் மகன் நின்றிருந்தான். பூட்டிய கதவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எங்கம்மா போயிட்டே? எவ்ளோ நேரமா நிக்கறேன். திருவிழா முடிஞ்சதும் எந்த நாள் கிளம்பலாம்னு கேக்கத்தான் வந்தேன்."

அக்கா மடியிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். "இப்ப முடியாதுபா. ஞாயித்துக்கிழமையில வேணா வந்து இருந்துட்டு வரேன். மத்த நாள்ல சாயங்காலம் எங்களுக்கு வேலை இருக்குது."

"இன்னா வேலை?"

"சோளம் பாக்கணும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் மகளைப் பார்த்தேன். அவன் அம்மாவின் தலையில் இருந்த பூவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "காப்பி போடும்மா, குடிச்சிட்டுக் கிளம்பறேன்" என்று உள்ளே போனான்.

மறுநாள் சாயங்காலம் அக்காவும் நானும் மட்டும் போனோம். இனிமேல் தேடுவதற்கு ஒன்றுமில்லையே என்று, முதல் வண்டியிலேயே நின்றேன். வண்டிக்காரர் தோலை உரித்தார். மணிகள் முத்து முத்தாக, ஒரு வரிசை விலகாமல் இருந்தன. நல்ல சோளம், நம் வயலில் விளைந்தது. வாங்கக் கையை நீட்டினேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ரொம்ப சீரா இருக்குதே" என்றாள். "வாடி, அடுத்த வண்டிய பாக்கலாம்."