மூன்று இஸ்திரிப் பெட்டிகளும் ஒரு தகரச் சுவரும்

காலை ஏழு மணி நாற்பது. முதலில் கண்ணில் பட்டவை மூன்று இஸ்திரிப் பெட்டிகள். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்காக உட்கார வைத்ததுபோல் வரிசையாக வைத்திருந்தார்கள். பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அம்மாளை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து மேலே ஏறும் சரிவு. எழுபதுகளின் தொடக்கம். நான் ஒரு சிறிய தினத்தாளுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அன்று போனது செய்திக்காக அல்ல, தேய்க்கக் கொடுத்த சட்டைகளை வாங்க.

அம்மாளும் அவர் கணவரும் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்கள். கணவர் சரக்குக் கப்பல்களில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாள் கப்பல் அதிகாரிகளின் வெள்ளைச் சீருடைகளைத் துவைத்து, கரிப் பெட்டியில் தேய்த்துக் கொடுப்பார். போன தடவை கரியிலிருந்து ஒரு பொறி பறந்து ஓர் அதிகாரியின் தோள்பட்டையில் ஓட்டை போட்டுவிட்டது. அடுத்த தடவை மின்சாரப் பெட்டி இருந்தால் துணி இங்கே வரும், இல்லாவிட்டால் பஜார் லாண்டரிக்குப் போகும் என்று, கப்பலில் துணிமணியையும் சாப்பாட்டையும் கவனிக்கும் ஸ்டூவர்ட் சொல்லிவிட்டார்.

அந்தக் கப்பல் வாரக் கடைசியில் வருவதாக இருந்தது. வீட்டிலேயே நடத்தும் இந்தத் தேய்ப்புக் கடைக்கு மின் இணைப்பு கிடைக்க எலெக்ட்ரிகல் இன்ஸ்பெக்டரின் கையெழுத்து வேண்டும். அவரோ ஜெனரேட்டர் சோதனைக்காக அன்று மதியப் படகில் தெற்கே இன்னொரு தீவிலுள்ள ஹட் பேக்குப் போகிறார். கப்பல் வந்து போன பிறகுதான் திரும்புவார்.

சிறிது நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். தீவுக்குப் புதியவர்.

"ஏனுங் அம்மணி, கடை வெக்கறீங்களா, கண்காட்சி வெக்கறீங்களா?"

"எல்லாம் கப்பல்ல வந்த சாமான் சார். பக்கா மால்! அடியில பாருங்க, சீல் இருக்கு," என்றார் கணவர்.

தீவில் அது ஒரு பழக்கம். வெளிநாட்டுச் சாமான் எது கைக்கு வந்தாலும் தலைகீழாகத் திருப்பி முத்திரையைத் தேடுவார்கள். முத்திரை இருந்தால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இன்ஸ்பெக்டரும் திருப்பித்தான் பார்த்தார். ஆனால் முத்திரைக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தையும் படித்தார். முதல் பெட்டி ஜப்பான். "அருமையான பொட்டிங்க. ஆனா நூறு வோல்ட்டுக்குச் செஞ்சது. நம்ம லைன் எரநூத்தி முப்பது. சொருகுனா துணி தேயாது, பொட்டி வெந்துரும்."

இரண்டாவது ஜெர்மன். அதன் பிளக் நம் சுவரில் நுழையாது என்பதால் கணவர் அதை வெட்டிவிட்டு நம்மூர் மூன்று முள் பிளக் மாட்டியிருந்தார். இன்ஸ்பெக்டர் திருகைக் கழற்றி உள்ளே பார்த்தார். சிவப்பு வயர் கரண்ட் வரும் முள்ளில் இருந்தது.

"சிவப்புன்னா கரண்ட்டுதான சார்?"

"நமக்கு அப்படிங்க. இங்கிலீஷ்காரனுக்கும் அப்படி. இந்தப் பொட்டி செஞ்ச காலத்து ஜெர்மன்காரன் எர்த்துக்குத்தான் சிவப்பு போட்டான். இப்ப கரண்ட் நேரா பொட்டியோட உடம்புக்குப் போவும்."

"அப்ப தொட்டா?" என்றார் அம்மாள்.

"தொட்டா இந்தக் கேள்விய கேக்க நீங்க இருக்க மாட்டீங்."

அம்மாள் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

மூன்றாவது இங்கிலாந்துப் பெட்டி. வோல்ட் சரி, வயர் சரி, பிளக்கும் நம்முடையதே. மூன்று முத்திரைகளும் உண்மையானவைதான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு நாடும் தன் பெட்டியைத் தன் வீட்டுச் சுவருக்காகச் சோதித்திருந்தது. நம்முடைய சுவரை மனத்தில் வைத்திருந்தது ஒன்றுதான்.

"ஒண்ணு போதும் சார். ராவும் பகலும் நின்னு தேச்சுருவேன்," என்றார் அம்மாள்.

"சரிங்க. எர்த்து எங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் கணவர் எழுந்தார். பச்சை வயரை மேஜையிலிருந்து சுவர் வரைக்கும் விரலால் தொட்டுக் காட்டினார். தகரச் சுவரில் துளை போட்டு, பளபளக்கும் பித்தளை போல்ட் வைத்து முறுக்கியிருந்தார். வேலையில் குறை சொல்ல முடியாது.

"கப்பல்ல இப்படித்தான் சார். உடம்பு இரும்புல குடுத்துட்டா டீக் ஹை. அதுக்கு மேல எர்த்து கிடையாது."

இன்ஸ்பெக்டர் வெளியே போனார். நாங்களும் போனோம். வீடு, அந்தச் சரிவில் எல்லா வீடுகளையும்போல, கல் மேல் நிறுத்திய மரக்கால்களில் நின்றது. சுவரும் கூரையும் தகரம். சுவரிலிருந்து தென்னைக்குக் கொடிக்கம்பி கட்டி, ஈரத் துணி காயப் போட்டிருந்தது. அவர் தரையில் இரண்டு ஆணிகளை அடித்து, கொண்டுவந்திருந்த எர்த் சோதனைப் பெட்டியின் வயர்களை ஆணிகளிலும் சுவரிலும் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். சுவருக்கும் மண்ணுக்கும் தொடர்பே இல்லை என்று அந்தப் பெட்டியின் முள் காட்டியது.

"உங்க கப்பல் தண்ணியில நிக்குதுங்க. இந்த வீடு செருப்புப் போட்டுட்டு நிக்குது. பொட்டியில ஒரு எடத்துல கரண்ட் கசிஞ்சாப் போதும், சுவரு, கூரை, இந்தக் கொடிக்கம்பி எல்லாத்துலயும் நிக்கும். மண்ணுல நின்னுட்டு ஈரத்துணி எடுக்கறவங்கதான் எர்த்து."

துணி எடுக்கிறவர் அம்மாள்தான். அவர் கம்பியைவிட்டு ஓரடி நகர்ந்தார்.

"காலமெல்லாம் கப்பல்ல கெடந்துட்டு, இருக்க வீட்டையும் கப்பலாக்கப் பாத்தியளே! நங்கூரம் ஒண்ணுதான் பாக்கி."

"வீட்ட வேஞ்சது நான், வயர் இழுத்தது நான். இப்ப நீ பேசு," என்றார் கணவர். குரலில் பலமில்லை.

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆள் உயரத்துக்கு மேல் குழி, அதில் இரும்புக் குழாய், சுற்றிலும் உப்பும் கரியும் மாற்றி மாற்றி, மேலே தண்ணீர் வேண்டும் என்றார். படகுக்கு முன் முடிந்தால் திரும்ப வந்து சோதிப்பதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

குழாய் கணவரிடம் இருந்தது. கருவாட்டுக்கு வாங்கிய உப்பு மூட்டை இருந்தது. துறையில் சரக்கு ஏற்றும் இரண்டு பேர் கடப்பாரையோடு வந்து கணவரோடு சேர்ந்து தோண்டினார்கள். மண் ஈரமாக இருந்ததால் வேலை ஓடியது. கரி வேண்டிய இடத்தில் நின்றுபோனது. வீட்டில் இருந்தது ஒரே மூட்டை, கரிப் பெட்டிக்கானது. சோதனை தோற்றால் மின்சாரமும் இல்லை, பழைய பெட்டிக்குக் கரியும் இல்லை.

"பாதி போடுவமா?" என்றார் கணவர்.

"பாதிக்குப் பாதி கையெழுத்தா போடுவாரு? தள்ளுங்க."

அம்மாளே மூட்டையை இழுத்து வந்து கவிழ்த்தார். கரித்தூசி எழுந்து, நான் வாங்கிக் கையில் வைத்திருந்த சட்டைகளின் மேல் படிந்தது.

படகின் முதல் சங்கு ஊதியபோது இன்ஸ்பெக்டர் சோதனைப் பெட்டியோடு மேலே ஏறி வந்தார். பச்சை வயர் இப்போது குழாயில் முறுக்கியிருந்தது. தகரச் சுவரிலிருந்தும் ஒரு கம்பி குழாய்க்கு வந்தது. அவர் கைப்பிடியைச் சுற்றினார். முள் எழுந்து, ஆடி, வேண்டிய இடத்துக்குள் நின்றது. இன்னொரு தடவை சுற்றினார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"ஒரே பொட்டிக்குத்தான் கையெழுத்துங்க. ஜப்பானையும் ஜெர்மனையும் பரண்ல ஏத்திருங்க. அப்புறம் அம்மணி, குழி காயவே கூடாது. காஞ்சா எர்த்து செத்துப்போவும்."

"நான் கவனிச்சுக்கிடுதேன் சார். நீங்க ஓடுங்க, படகு போயிரும்."

அவர் ஓடினார். கப்பல் வருவதற்கு முந்தின நாள் இணைப்பு வந்தது. சீருடைகளும் வந்தன.

அந்தக் கோடையில் எங்கள் சரிவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. அம்மாள் பிடிக்கும் முதல் வாளி குழிக்குப் போனது.